வந்த தண்ணி போகும் வழி

ஜக் கொடுத்து உயர்த்தியதும் இடப்பக்கக் கதவு திறக்க மறுத்தது. தரையில் நின்றபோது ஒற்றை விரலுக்குத் திறந்த கதவு. செங்கலடி கராஜில் பாஸ் காரை இறக்கினார், கதவு திறந்தது. மறுபடி உயர்த்தினார், இறுகிக்கொண்டது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள நீக்கலில் விரல்நுனியை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். நாடி பார்க்கும் பரியாரியின் கை போலிருந்தது அது.

"கார் நடுவால மடியுது தம்பி. வெளியால பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்க எலும்பு இல்ல."

அது என் வாப்பாவின் மொரிஸ் மைனர். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா, 1974 இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். முன்கண்ணாடி இரண்டாகப் பிரியாமல் ஒன்றாக வந்த, 1956க்குப் பிந்திய மைனர் 1000. அந்தக் காரின் முதல் வடிவம் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். பழைய லொறிகளைப் போல இதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே பாரத்தையும் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில் ஓடும் தகட்டுப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள் பூட்டியிருக்கும் குறுக்குச் சட்டமும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேதான் கிடக்கிறது. பெட்டி உக்கினால் கார் தன் பாரத்திலேயே மடியத் தொடங்கும். கதவு இறுகுவது அதன் முதல் முறைப்பாடு.

எனக்கு முதலில் வந்த முறைப்பாடு வேறு. அது ஒரு மணம். மழை விட்ட மறுநாள் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கின் மணம் முகத்திலடிக்கும். இடப்பக்கக் காலடிக் காப்பெட்டை மிதித்தால் தண்ணி மேலே கசியும். பல வருடமாக அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று தேடியதைவிட, எதை அடைக்கலாம் என்று தேடியதே அதிகம். கண்ணாடி ரப்பரைச் சுற்றிப் பசை, கதவு ரப்பருக்கு மேல் இன்னொரு ரப்பர், டிக்கி மூடியின் விளிம்பில் மறுபடியும் பசை. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு புதிய அடைப்பு. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் அதே மணம்.

*

ஏறாவூருக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் ஊர் இருக்கிறது. புன்னைக்குடா வீதியால் கிழக்கே போனால் கொஞ்ச நேரத்தில் அலை கேட்கும். படை ஏறாத ஊர் என்பதால் ஏறாவூர் என்று பெரியவர்கள் பெயருக்குக் கதை சொல்வார்கள். உப்பு ஏறாத இடம் இந்த ஊரில் இல்லை. வீட்டு யன்னல் கம்பியில், கிணற்றுக் கப்பியில், கடைக் கதவின் கீலில் அது ஏறியிருக்கிறது.

தமிழகத்தார் துரு என்பதை நாங்கள் கறள் என்கிறோம். கறள் எப்படிப் பிடிக்கிறது என்பதை வயது போன பிறகுதான் நான் படித்தேன். இரும்புக்குத் தண்ணியும் ஒட்சிசனும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் போதும். உப்பு அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. உப்புக் கலந்த ஈரம் மின்னோட்டத்துக்கு நல்ல பாதை. அந்தப் பாதை வழியேதான் இரும்பு கரைகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் தானே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். மழை பெய்யாத இரவிலும், தகட்டில் உப்புப் படிந்த கார் நனைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாவிக்கரை இரவுகளில் அந்த ஈரப்பதன் அரிதானதல்ல.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். ஒரே தகட்டில் காற்றுப்படும் பகுதியும் காற்றுப்படாத ஈர இடுக்கும் இருந்தால், அரிபடுவது இடுக்கு. ஒட்சிசன் குறைந்த அந்த மறைவிடத்தில் இரும்பு தன்னை இழக்கிறது. வெளிச்சத்திலிருக்கும் பகுதி அதன் செலவில் பிழைத்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் பளபளக்க உள்ளே உக்குவது அதனால்தான். கறள் இரும்பைவிடப் பருத்தது; பல மடங்கு இடத்தைப் பிடிக்கும்; பஞ்சுபோல ஈரத்தையும் வைத்துக்கொள்ளும். பெயின்ட்டில் ஒரு கொப்புளம் எழும்போது நாம் அதைத் தொடக்கம் என்று நினைக்கிறோம். உள்ளே நடந்து முடிந்த ஒன்று அப்போதுதான் வெளியே வந்து பார்க்கிறது.

எங்கள் ஊரின் இரண்டு காற்றுகள் இதில் பங்கு பிரித்துக்கொள்கின்றன. வைகாசிக்குப் பின் கச்சான் வீசும். மலைகளைத் தாண்டி, மழையை அங்கேயே விட்டுவிட்டு, வெக்கையோடு மேற்கிலிருந்து வரும் காற்று. தெருப்புழுதியையும் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து, மட்கார்ட்டுக்குப் பின்னால், கதவின் அடியில், பெட்டியின் மூலையில் சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வரும். வருடத்து மழையின் பெரும்பகுதியைக் கொண்டுவரும். புழுதி சேறாகும். சேறு ஈரத்தைத் தை, மாசி வரை பிடித்துவைத்திருக்கும். கச்சான் அடைக்கும், வாடை உக்க வைக்கும்.

கச்சானைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மலைநாட்டின் தெற்குச் சரிவில் சமனலவெவ என்ற இடத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் நம் தீவின் மனிதர் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்வாய்வாளர் ஜில் ஜூலெஃப் கண்டுபிடித்தார். அவற்றை மேற்கைப் பார்த்த மேட்டுச் சரிவுகளில் கட்டியிருந்தார்கள். துருத்தி ஊதும் வேலையைத் தென்மேல் பருவக்காற்றே செய்தது. அதேபோன்ற உலையை மறுபடி கட்டி, அதே காற்றில் உருக்கிக் காட்டி, 1996 இல் நேச்சர் ஆய்விதழில் எழுதினார். அந்த மலையைக் கடந்து எங்கள் பக்கம் இறங்கும்போது அதே பருவக்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். இரும்புக்கல் என்பது ஒட்சிசனோடு பிணைந்த இரும்பு. அங்கே காற்றும் நெருப்பும் அந்தப் பிணைப்பை அறுத்தன. இங்கே காற்றும் தண்ணியும் அதை மறுபடி கட்டுகின்றன. கறளைப் பகையாகவே பார்த்துவந்த எனக்கு, இதை அறிந்த அன்றிலிருந்து அந்த வெறுப்பு தணிந்தது. இரும்பு தன் மண்ணுக்குத் திரும்பப் பார்க்கிறது. அதை நம்மோடு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கச் சொல்வதற்கு நாம் ஏதாவது செய்தாகவேண்டும்.

*

நான் செய்ததோ நேர் எதிரானது.

2011 தை மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தை வெள்ளம் மூடியபோது எங்கள் முற்றத்தில் முழங்காலளவு தண்ணி நின்றது. கொட்டிலில் நின்ற காரின் தரைத் தகடு வரை ஏறி வடிந்தது. இனிமேல் கீழிருந்து ஒரு சொட்டும் ஏறக்கூடாது என்று வைராக்கியம் கொண்டேன். தரையிலிருந்த துவாரங்கள், கதவின் கீழ்விளிம்பிலிருந்த நீளவெட்டுகள், கதவடிப் பெட்டியின் சிறு ஓட்டைகள் எல்லாவற்றையும் தார் காய்ச்சி ஊற்றி அடைத்தேன். பிறகு படங்கு வாங்கி, காற்றும் புகாதபடி காரைச் சுற்றிக் கட்டினேன்.

வாவிக்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணியைப் பற்றித் தெரிந்த முதல் பாடம், வள்ளத்தில் ஓட்டை இருக்கக்கூடாது என்பது. மூத்தாப்பா காலத்தில் தோணியின் பலகை இடுக்குகளைக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். காரையும் தோணியாகவே நினைத்திருக்கிறேன்.

செங்கலடியில் பாஸ் சிறு சுத்தியலால் பெட்டியை ஓரமாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல தகடு கணீரென்றது. பிறகு ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று விழுந்தது. ஸ்குரூ ட்ரைவரை வைத்து அழுத்தினார். பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு, விரல் தடிப்பில் பூசியிருந்த பட்டிக்குள் அது இறங்கியது. முன்னொரு காலத்தில் வேறொரு கராஜில் கறளை வெட்டாமலே மேலே பட்டி பூசி அனுப்பியிருக்கிறார்கள். பட்டியை உடைத்தால் கீழே தகடே இல்லை. பிஸ்கட் போல உதிர்ந்த சிவப்புத்தூள். அதற்கும் உள்ளே, பெட்டியின் அடியில், மூன்று கைப்பிடி சேறு. கறுத்து, நசநசத்து, இன்னமும் ஈரமாக இருந்தது. விரலில் தேய்த்து மணந்து பார்த்தேன். வாவிச் சேற்றின் மணம். எங்கள் வீட்டில் வடியாமல் எஞ்சிய வெள்ளம் அது ஒன்றுதான். அதை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான்.

பாஸ் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கதவின் அடியில் நான் ஊற்றிய தாரைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"வள்ளம் தண்ணிக்குள்ள கிடக்கிற சாமான் தம்பி. அதுக்குள்ள தண்ணி வரக்கூடாது. கார் மழையில நிக்கிற சாமான். அதுக்குள்ள தண்ணி வரும். வரும் எண்டு தெரிஞ்சுதான் செஞ்சவன் ஓட்டை வச்சிருக்கான்."

கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தைக் காட்டினார். அங்கே என்ன ரப்பர் வைத்தாலும் மழையில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது உள்தகட்டில் வழிந்து கீழ்வெட்டுகளால் வெளியேற வேண்டும். வெட்டை அடைத்தால் கதவு ஒரு வாளி. அந்த வாளியைத்தான் நான் பத்து வருடத்துக்கு மேல் சுமந்து திரிந்திருக்கிறேன்.

காலடியில் நின்ற தண்ணி வந்த வழியையும் அன்றே கண்டுபிடித்தோம். காப்பெட்டையும் அதன் கீழிருந்த கம்பளியையும் கழற்றி, தரையைத் துடைத்து, பழைய பத்திரிகைத் தாள்களை விரித்தோம். உள்தூண்களில் கோதுமை மாவைத் தூவினோம். நான் டோர்ச்சோடு உள்ளே இருந்தேன். பாஸின் பேரன் வெளியே குழாயைப் பிடித்தான். கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாவற்றின் மேலும் தண்ணி வழிந்து எந்த இடம் என்று தெரியாமல் போய்விடும். கதவு ரப்பரில் ஒன்றுமில்லை. மட்கார்ட் இணைப்பில் ஒன்றுமில்லை. முன்கண்ணாடியின் மேல் மூலைக்குக் குழாய் போனதும் மாவில் ஒரு கோடு விழுந்தது. மயிரிழை போன்ற கோடு. கண்ணாடி ரப்பர் சுருங்கிய இடத்தால் புகுந்து, தூணின் உட்புறமாக இறங்கி, மூன்றடி தள்ளிக் காலடியில் தேங்கியிருக்கிறது. ஈரம் தெரிந்த இடத்தையே நான் இவ்வளவு காலமும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

*

உக்கிய பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பாஸ் காருக்கடியில் படுத்தபடி டோர்ச் கேட்டார். பின்வில் பூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஒட்டு. வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இந்த ஒட்டு என்ர கை."

1990க்கு முன் வாப்பா இந்தக் காரை அந்தக் கராஜுக்குத்தான் கொண்டுபோவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு ஊருக்கும் இடையே சில கிலோமீற்றர்தான். அந்த வருடம் ஆகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பாஸுக்குச் சத்துருக்கொண்டானில் சொந்தங்கள் இருந்தன. எங்களுக்கு ஏறாவூரிலேயே இருந்தன. அதற்குப் பிறகு வாப்பா செங்கலடிப் பக்கம் காரைத் திருப்பவில்லை. கார் மாதக்கணக்கில் கொட்டிலில் நின்றது. ஓடாத காருக்குத்தான் கறள் வேகமாகப் பிடிக்கும். என்ஜின் சூடும் காற்றும் படாததால் புகுந்த ஈரம் புகுந்தபடியே கிடக்கும். வாப்பா மௌத்தாகும்வரை அந்த இரவைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை. பிள்ளைகளுக்குள் அது இறங்கக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் அது எங்களுக்குள் இருந்தது. அவர் தூங்காத இரவுகளில் கொட்டிலுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

"உங்கட வாப்பா நல்ல மனிசன். ஒரு நாளைக்கு வருவார் எண்டு பாத்திருந்தன்," என்றார் பாஸ்.

பேரன் பிளேன்ரீ கொண்டுவந்தான். பாஸும் நானும் ஜக்கில் நின்ற காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பேசினோம். அவர் தன் பக்கத்து ஆட்களின் பெயர்களைச் சொன்னார். நான் எங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொன்னேன். யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை, நியாயம் பிரிக்கவுமில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை; அது அவருடையது. ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு அவர் மறுபடியும் காருக்கடியில் போனார். அந்த அரை மணித்தியாலத்தால் எதுவும் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். உக்கிய தகடு பேச்சால் திரும்பி வராது. ஆனால் பட்டிக்குக் கீழே கறள் நிற்பதில்லை, வளர்கிறது என்பதை அன்று காலைதான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

*

மாரியில் வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்களையும் கரையோர வீடுகளையும் தொடும்போது, முகத்துவாரத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மூடிக்கிடக்கும் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதை ஆற்றுவாய் வெட்டுதல் என்பார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் எண்ணம் வேறுபடும். வெட்டவே வேண்டாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. வெட்டிய வாய் ஒரு முறைக்குத்தான். கடல் மறுபடி மணலைக் கொண்டுவந்து மூடும். அடுத்த மாரிக்கு மறுபடி வெட்டவேண்டும். தண்ணியோடு நம் முன்னோர் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். அதை வரவிடாமல் செய்ய அவர்களால் முடியவில்லை. போகவிடக் கற்றுக்கொண்டார்கள். சிறுவயதில் அதைப் பார்க்கப் போன நான், தோணியின் பாடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுவாயின் பாடத்தை விட்டுவிட்டேன்.

பாஸ் நல்ல தகடு தெரியும்வரை வெட்டினார். நான் கண்ணால் பார்த்து நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டி நான்கு விரல் அதிகம் வெட்டினார். 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான உடல் தகடுகள் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் நடத்திய மைனர் நிலையத்துக்குப் போயிருக்கின்றன. அந்தக் காரை உலகத்தில் உயிரோடு வைத்திருந்ததில் நம் தீவின் தகட்டுக்காரருக்கும் பங்குண்டு. எங்கள் பாஸ் தன் மரக்குற்றியிலேயே புதிய தகட்டை அடித்து மடித்தார். பெட்டியை மூடுவதற்கு முன் உட்புறத்துக்கு ரெட் ஒக்சைட் பூசினார்; மூடிய பிறகு துவாரங்களால் ஒயிலை விசிறினார். புதிய பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டைகளை வரிசையாகப் போட்டார். கண்ணாடிக்குப் புதிய ரப்பர். எனக்கு ஒரு துண்டுக் கம்பி தந்தார், நுனியை வளைத்திருந்தது.

"கச்சான் முடியிற நேரம் எல்லா ஓட்டைக்குள்ளயும் இத விட்டுக் குத்துங்க. வேற ஒண்டும் வேணாம்."

பட்டிக்குள் கறளை மறைத்த கார் என்னுடையது மட்டுமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. விற்பதற்காகப் பட்டியும் பெயின்ட்டும் கண்டவையும் நிறைய. இங்கே வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அடித்தளத்தைக் குத்திப் பார்க்க ஒருவரும் குனிவதில்லை. பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையில் ஆசனப்பட்டியோ சில்லுத் தாங்கியோ பூட்டிய இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகடு உக்கியிருந்தால் கார் தவறிவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. ஜக்கில் உயர்த்தி நான்கு கதவையும் திறந்து பார்க்கட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது; குனிந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

*

போன ஐப்பசியில் முதல் மழை இரவில் வந்தது. ஓட்டின்மேல் விழத் தொடங்கிய சத்தத்துக்கே விழித்துவிட்டேன். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சு பதைக்கும். காருக்குள் எங்கே சொட்டுகிறதோ என்று படுத்தபடியே காது கொடுத்துக்கொண்டிருப்பேன். படங்கை இப்போது எடுத்துவிட்டேன். கொட்டிலின் ஒரு பக்கத் தட்டியையும் காற்றுக்காகக் கழற்றிவிட்டேன். அந்தப் பக்கத்தால் சாரல் காரின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

மழை ஓய்ந்ததும் குடையில்லாமல் இறங்கிப் போனேன். இருட்டில் இடப்பக்கக் கதவுக்குப் பக்கத்தில் குந்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பி எட்டாத இடத்தில் ஏதும் அடைத்துக்கொண்டதோ என்று பயந்தேன். கதவின் அடியில் கையை வைத்தேன்.

ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. குளிர்ந்த, தெளிந்த தண்ணி. கையை எடுத்துவிட்டு, அது மண்ணில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுபஹுக்குப் பாங்கு சொல்லும்வரை சொட்டிக்கொண்டிருந்தது.